புரட்டாசியில் வாங்கிய ஈரல்

லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவது வரைக்கும் படித்து, இங்கே குவளை கழுவும் ஒருத்தியின் எழுத்து. பொறுத்துப் படியுங்கள்.

கண்ணாடிச் சில்லை எப்படிக் கழுவுவது, எந்தக் கழிவை எந்த வாளியில் ஊற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் ஒரு திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் லேப் இருக்கும் இதே கட்டடத்தில் நடந்ததுதான். அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதுதான் சிக்கல்.

அப்போது நித்யா என்று ஒரு ஆராய்ச்சிப் பெண் இருந்தாள். கோவில்பட்டிப் பக்கம். முகப்பேரில் நாலு பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் தங்கியிருந்தாள். ஒரு புது மருந்து கொடுத்த எலிகளின் ஈரலில், குறிப்பிட்ட ஒரு புரதம் கூடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எலிகள் எப்போதோ முடிந்துவிட்டன. மெழுகில் பதித்து வைத்திருந்த ஈரலையும் சீவிச் சீவி, கடைசியில் கண்ணாடிச் சில்லில் ஒட்டிய சில ஸ்லைடுகள்தான் மிச்சம். அந்த வாரம் புதன்கிழமை, பணம் கொடுக்கிறவர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. புரதம் தெரிந்தால் ஆராய்ச்சி தொடரும், நித்யாவுக்கு வேலை இருக்கும். தெரியாவிட்டால் இரண்டும் இல்லை.

புரதத்தை எப்படிக் கண்ணால் பார்ப்பது? எனக்கும் இது வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டு நித்யாவிடமே கேட்டேன்.

"நீங்க வாழைப்பூ ஆய்வீங்கல்லம்மா?" என்றாள்.

"ஆமா."

"நறுக்கினதை எதுல போடுவீங்க?"

"மோர்ல. இல்லாட்டி கறுத்துப் போயிடும்."

"யாரு கறுப்பு மை ஊத்தினா?"

"யாரும் ஊத்தலியே. அதுவா கறுக்கும்."

"அதேதாம்மா. பூவுக்குள்ளேயே கறுக்க வைக்கிற ஒரு சாமான் இருக்கு. என்சைம்னு பேரு. மோர் அதோட கையைக் கட்டிப் போடுது. நாங்களும் அந்த மாதிரி ஒரு என்சைமை வெச்சுதான் கலர் வர வைக்கிறோம். புரதத்தைத் தேடிப் போய் ஒட்டுற ஒண்ணோட வாலில அதைக் கட்டி அனுப்புவோம். அது எங்க போய் ஒட்டுதோ அங்க பழுப்புக் கலர் வரும். ஆனா ஈரலுக்குள்ள, ரத்தத்துக்குள்ள, அதே வேலையைச் செய்யிற ஆளு முன்னாடியே உக்காந்திருக்கு. அதை மொதல்ல அடக்கலைன்னா அதுவும் பழுப்பாக்கிடும். எது நாங்க அனுப்பினது, எது உள்ளூர்னு தெரியாது."

அப்படி அடக்குவதற்கு ஊற்றுவதுதான் பெராக்சைடு. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். விலையும் குறைவு. புரதத்தைத் தேடிப் போகிற மருந்து ஒரு சொட்டே தங்க விலை. அது லேப்பை நடத்திய மேடத்தின் அறையில், தனி ஃபிரிட்ஜில், பூட்டுக்குள் இருக்கும். பெராக்சைடு வெளியே, எங்கள் பழைய ஃபிரிட்ஜில், சாப்பாட்டு டப்பா வைக்காதே என்று எழுதி ஒட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும்.

எங்கள் தலைமை டெக்னீஷியனை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். கோவில்பதாகையில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் நானும் அண்ணாத்தே என்றேன். அவர் என்னை அக்கா என்பார். ஸ்லைடைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே இவன் இன்றைக்கு உடைப்பான், உடைக்க மாட்டான் என்று சொல்லிவிடுவார். அவருக்கு இரண்டு பெருமை. ஒன்று, அவர் கை நடுங்காது. இரண்டு, அவர் செய்கிற ஆயுத பூஜை.

அந்த வருஷமும் பூஜை அமர்க்களமாக நடந்தது. பழைய ஃபிரிட்ஜை அணைத்து, கழுவி, கதவைத் திறந்து காயவிட்டார். உள்ளே இருந்த பாட்டில்களை ஜன்னலோரம் மேசையில் வரிசையாக அடுக்கினார். விடுமுறை முடிந்து வந்ததும் நித்யா உடனே வேலையைத் தொடங்கட்டும் என்று பெராக்சைடை முன்கூட்டியே தண்ணீர் கலந்து தயாராக வைத்திருந்தார். அதையும், பளிச்சென்று தெரியட்டும் என்று வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, நடுவில் நிறுத்தினார். எல்லாப் பாட்டிலின் வாயிலும் விபூதி, நடுவே குங்குமம். மைக்ரோஸ்கோப்புக்கு மாலை.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது இல்லையா? மறுநாள் காலையில் அவர் மட்டும் வந்து கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைப் பூட்டினார். அடுத்து சனி, ஞாயிறு. அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் மேசைமேல் நேராக விழும். திங்கட்கிழமை காலை அவர் எல்லாவற்றையும் துடைத்து ஃபிரிட்ஜில் வைத்தார். நித்யா எடுத்து வேலையை ஆரம்பித்தாள்.

மத்தியானம் மேடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"நித்யா! இதைத்தானே இத்தனை நாளா தேடினோம்! பாரு, ஈரல் முழுக்கப் பழுப்பு!"

மற்ற அறைகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ இனிப்பு வாங்கிவரப் போனார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். ஈரல் தெரிவதற்காக ஏற்றும் நீலச் சாயத்தில் தரை, அதன்மேல் எங்கு பார்த்தாலும் பழுப்புப் பொட்டுகள். முதல் மழை விழுந்த மணல் மாதிரி அழகாக இருந்தது. நல்லது நடந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

நித்யா மட்டும் இனிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொரு முறையும் அவள் ஒரு வெறும் ஸ்லைடும் போடுவாள். மற்றதற்குச் செய்கிற எல்லாம் அதற்கும் உண்டு, புரதத்தைத் தேடிப் போகிற மருந்து மட்டும் கிடையாது. தேட ஆள் அனுப்பாத இடத்தில் கலர் வரக்கூடாது. அது வெறும் நீலமாக இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த வெறும் ஸ்லைடிலும் பழுப்பு இருந்தது.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க."

மேடம் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "லேசா பின்னணிக் கலர். எல்லா லேப்லயும் வர்றதுதான். புதன்கிழமை ஆளுங்க வராங்க நித்யா. இதைப் பெரிசு பண்ணாதே."

நித்யா ஸ்லைடுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்கு வந்துவிட்டாள். நான் அங்கே குவளை கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணாத்தே பின்னாலேயே வந்தார்.

"இன்னாம்மா மூஞ்சி இப்படி கீது? எல்லாரும் லட்டு துன்னுகினு கீறாங்க."

"அண்ணே, பழுப்பு எங்க இருக்குன்னு பாத்தீங்களா? ரத்தம் ஓடுற வழிக்குள்ள, ரத்தத்து மேலயே இருக்கு. நம்ம ஆளு அங்க போறவனே இல்லை. இது உள்ளூர்க்காரன் போட்ட கலர்."

அண்ணாத்தே ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்போ அடங்கல. சரி வுடு, பெராக்சைட டபுளா போட்டு இன்னொரு தபா பண்ணிரலாம்."

"டபுளா போட்டா நுரை பொங்கி, சதை கண்ணாடியை விட்டே கழண்டு வந்திரும். தேடுற புரதமும் கெட்டாலும் கெடும். எங்கிட்ட இன்னும் ஒரே ஒரு செட்டுதான்ணே இருக்கு. அதுவும் போச்சுன்னா உலகத்திலயே அந்த ஈரல் கிடையாது."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஈரல்னா பழுப்பாத்தானே இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நித்யாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "கறிக்கடையில பழுப்பும்மா. இவ்வளவு மெல்லிசா சீவினா கண்ணாடி மாதிரி, கலரே இருக்காது." எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அண்ணாத்தே கறிக்கடை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கையில் இருப்பது கடைசி ஸ்லைடுகள். நாளை மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். யாராக இருந்தாலும் உடனே இன்னொரு முறை செய்து பார்க்கத்தான் கை பரபரக்கும். அண்ணாத்தே அந்த ஸ்லைடு பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துச் சாத்தினார்.

"இத்த யாரும் தொடக்கூடாது. எந்த பாட்டில் நம்மள கவுத்துச்சுன்னு தெரியாம இதுல கை வெக்கக்கூடாது. அக்கா, ஒரு துண்டு ஆட்டீரல் வாங்கினு வா."

"புரட்டாசியிலயா?"

"ஈரலுக்கு இன்னா புரட்டாசி, ஐப்பசி? போக்கா."

எஸ்டேட் பக்கத்துக் கறிக்கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கடை மட்டும் எந்த மாசமும் மூடாது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். புரட்டாசியில் நான் வெங்காயம் சேர்ப்பதற்கே யோசிப்பவள் என்று தெருவுக்கே தெரியும். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா ஆயா, நீயா? அதுவும் இந்த மாசத்துலயா? ஊட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

"சாப்பிட இல்லப்பா. மருந்து ஊத்திப் பாக்க."

"ஈரலுக்கு மருந்தா? ஆடு காலைலயே பூட்சே ஆயா! இனிமே மருந்து ஊத்தி இன்னாத்துக்கு?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். போதாததற்கு, பக்கத்து வீட்டுக்காரி அர்ச்சனைத் தட்டோடு அந்த வழியாகக் கோயிலுக்குப் போனாள். "இன்னாடியம்மா, கறிக்கடையில கீற?" என்று நின்றாள். விளக்கிச் சொல்ல எனக்கு எங்கே வரும்? "ஆபீசு வேலை" என்று மட்டும் சொன்னேன். "நல்ல ஆபீசு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இன்றைக்கும் அவள் அதை நம்பவில்லை.

திரும்பி வரும்போது கடைக்காரர் கேட்டது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆடு செத்த பிறகு ஈரல் என்ன வேலை செய்யும்? எலி செத்து, மெழுகில் மாதக்கணக்கில் கிடந்த ஈரலுக்குள் அந்த என்சைம் எப்படி இன்னும் உட்கார்ந்திருக்கும்? வந்ததும் நித்யாவிடம் கேட்டேன்.

"செத்தது ஆடும்மா. ஈரலுக்கு அது இன்னும் தெரியாது" என்றாள்.

ஈரலை ஒரு கண்ணாடித் தட்டில் இரண்டு துண்டாக வைத்தார் அண்ணாத்தே. புதுப் பெராக்சைடு கலந்தார். கெட்டியான மூலச் சரக்கு கேனோடு ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது, அது பூஜைக்கு வரவில்லை. புதிதாகக் கலந்ததில் ஒரு சொட்டை முதல் துண்டின்மேல் விட்டார். புஸ்ஸென்று வெள்ளை நுரை பொங்கி எழுந்து தட்டில் வழிந்தது. பொங்கல் பானைகூட அவ்வளவு வேகமாகப் பொங்கி நான் பார்த்ததில்லை. "நுரை வர வைக்கிறது அந்த உள்ளூர்க்காரன் இல்லம்மா, அவனோட பங்காளி. ஆனா பெராக்சைடுக்கு உயிர் இருக்கான்னு பாக்க இது போதும்" என்றாள் நித்யா.

பிறகு காலையில் பயன்படுத்திய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை இரண்டாவது துண்டின்மேல் விட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. சொட்டு ஈரலின் மேல் உருண்டு, ஓரமாக வழிந்து இறங்கியது. இன்னொரு சொட்டு விட்டார். குனிந்து பார்த்தார். ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி வந்து உடைந்தது, அவ்வளவுதான்.

"தண்ணிண்ணே இது" என்றாள் நித்யா மெதுவாக.

அண்ணாத்தே பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். வாயின் மடிப்பில் விபூதி இன்னும் ஒட்டியிருந்தது. அடியிலும் சாம்பலாக ஏதோ தங்கியிருந்தது. ஜன்னலைப் பார்த்தார். வெயில் அந்த மேசைக்கு வந்துகொண்டிருந்தது. வெளிச்சமும் சூடும் சாம்பலும் பெராக்சைடுக்கு ஆகாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லித்தந்ததே அவர்தான்.

அவர் நினைத்திருந்தால் அந்தப் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கலந்து செய்திருக்கலாம். மேடத்துக்கோ பழுப்பு ஸ்லைடே போதும் என்று இருந்தது. வருஷா வருஷம் அவர் பூஜையைப் பார்க்க மற்ற கம்பெனிக்காரர்கள்கூட வருவார்கள். இது வெளியே தெரிந்தால் என்னென்ன பேசுவார்கள்?

"வுட்ரலாமாண்ணாத்தே?" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

"எத்த வுட்றது? சாமி வெய்யில்ல வெக்கச் சொல்லுச்சா? வெச்சது நானு" என்றார். பாட்டில் ஒரு கையில், ஈரல் தட்டு ஒரு கையில், நேராக மேடம் அறைக்குப் போனார். நித்யாவும் போனாள். நான் கதவருகே நின்றேன்.

பாட்டிலை வெயிலில் வைத்தது தான்தான் என்று அண்ணாத்தே சொன்னார். மேசைமேல் தட்டை வைத்து இரண்டு துண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் காட்டினார். மேடம் நுரையைப் பார்த்தார், நுரை வராததைப் பார்த்தார். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார நேரமாயிற்று.

"ஸ்லைடு எத்தனை மிச்சம்?"

"ஒரு செட்டு மேடம்" என்றாள் நித்யா.

"அதுல ஒண்ணும் வரலைன்னா?"

"வரலைன்னு காட்டணும்."

"உன் வேலை போகும், தெரியுமா?"

"தெரியும் மேடம்." அங்கிருந்து நகரவில்லை.

மேடம் அந்த இனிப்புப் பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினார். "நாளைக்குக் காலைல பண்ணுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கடைசி செட் என்பதால் கலர் மருந்தை அண்ணாத்தேதான் ஊற்றுவார் என்று இருந்தோம், அவர் ஊற்றவில்லை. தன் கையை நித்யாவிடம் நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது. "நீயே பண்ணும்மா, நா சொல்லிகினு நிக்கறேன்" என்றார். கை நடுங்காது என்று பெயர் வாங்கிய மனிதர், நடுங்குகிறது என்று சொல்லி விலகி நின்றதை நான் மறக்கவில்லை. நித்யா முதலில் வெறும் ஸ்லைடைத்தான் பார்த்தாள். தெள்ளத் தெளிவான நீலம். ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. பிறகு மற்றவை. அவையும் ஏறக்குறைய நீலமாகவே இருந்தன. ஒரு ரத்தக்குழாயின் வெளிச்சுவரைச் சுற்றி மட்டும் நூல் இழை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. எல்லா ஸ்லைடிலும் அதே இடத்தில்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதாம்மா. ஆனா இது நிஜம்."

புதன்கிழமை வந்தவர்களுக்கு டீ கொண்டுபோனவள் நான்தான். அவர்களில் மூத்தவர் வெகுநேரம் பார்த்தார். "ஈரல் முழுக்க வரும்னு எதிர்பார்த்தோமே" என்றார். "முழுக்க இல்ல சார். இந்த ஓரத்துல மட்டும்தான்" என்றாள் நித்யா. திங்கட்கிழமை ஸ்லைடையும் எடுத்துக் காட்டி, அது எப்படிப் பொய் சொன்னது என்றும் சொன்னாள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் காட்டியிருந்தா பணம் கொடுத்திருப்போம். ரெண்டு வருஷம் கழிச்சு எல்லாருமா சேர்ந்து முழிச்சிருப்போம்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மருந்து ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியோடு நித்யாவின் வேலை முடிகிறது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் கார் கிளம்பிய பிறகு அண்ணாத்தே அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என் பாட்டிலால உன் பொழப்பு பூட்சேம்மா."

நித்யா நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பாட்டில் நல்லா இருந்திருந்தா திங்கக்கிழமையே போயிருக்கும்ணே. நீங்க கெடுத்ததால ஒரு நாள் லட்டாவது கிடைச்சது."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்த பாடம் ஒன்று உண்டு. விலை உயர்ந்த மருந்தைப் பூட்டி வைக்கிறோம், தண்ணீர் மாதிரி இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதைவிட முக்கியம், நமக்குப் பிடித்த மாதிரி கலர் வந்தால்தான் வெறும் ஸ்லைடை இன்னொரு முறை பார்க்க வேண்டும். பிடிக்காத கலர் வந்தால் தானாகவே பார்த்துவிடுவோம்.

ஆனால் அந்தப் பிற்பகலில் இதெல்லாம் என் மனதில் இல்லை. குவளைகளை எடுக்கப் போன நான், நித்யாவிடம் ஒன்று கேட்டேன். "மத்த எல்லா இடமும் நீலமா இருக்க, அந்த ஒரு குழாய் ஓரத்துல மட்டும் ஏன் வருது?"

அவள் பையில் துணிமணி மாதிரி புத்தகங்களைத் திணித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "தெரியலம்மா" என்றாள். பிறகு, "ஆமா, ஏன்?" என்றாள்.

பையைத் தரையில் இறக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்லைடைத் திரும்ப வைத்தாள். அவள் பார்த்த பிறகு அண்ணாத்தே பார்த்தார், பிறகு நான் பார்த்தேன். அந்தப் பக்கம் போன மேடம் நின்றார்.

"எல்லாம்தான் முடிஞ்சுதே, இன்னும் என்ன பாக்குறீங்க?"

அந்த ஒரு கோட்டைப் பற்றிச் சொன்னோம். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நகரு" என்று நித்யாவின் தோளைத் தொட்டுவிட்டு, அவரும் குனிந்தார்.